உணவின் விலையும் உண்பிப்போர் நிலையும்

ஓர் உணவுச்சாலையில் ஒரு தட்டு உணவுக்கு இன்ன விலை என்று வரையறை செய்பவை யாவை என வினவினால், பெரும்பாலோர் மூன்று காரணங்களைக் கூறுவர். பண்டங்களின் கொள்முதல் விலை ஒன்று; சமைப்போருடைய உழைப்பும் கைத்திறனும் ஒன்று; உண்பதற்கு அமைத்த இடத்தின் வசதி ஒன்று. இம்மூன்றும் மெய்யே. ஆயினும் இவற்றை மாத்திரம் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போமாயின், உலகத்துப் பெருநகரங்களில் கண்கூடாகக் காணப்படும் ஒரு விஷயத்துக்குச் சமாதானம் கூற இயலாது. நியூயார்க் நகரத்தில், கோதுமை மாவைப் பிசைந்து கையாலேயே உருவாக்கி வேகவைத்துச் சாறிட்டுத் தரும் இத்தாலியருடைய பாஸ்தாவுக்கு ஒரு விலை. அதே கோதுமை மாவைப் பிசைந்து, இரு கைகளாலும் பன்முறை இழுத்து மடித்து, மெல்லிய இழைகளாக்கி வேகவைத்துத் தரும் சீனருடைய நூடுல்ஸுக்கு வேறொரு விலை. பின்னதில் உழைப்புக் குறைவென்று அடுப்படி அறிந்தவர் எவரும் கூறார். எனினும் முன்னதற்குக் கேட்டதை மறுபேச்சின்றிக் கொடுப்பவர், பின்னதற்கு அவ்விலையைக் கேட்டவுடன் "இதற்கா இவ்வளவு?" என்று புருவத்தை நெரிக்கின்றனர்.

நம் மரபினருள் சிற்றுண்டிச்சாலையும் உணவுச்சாலையும் வைத்து நடத்துவோர் பலர். கடல் கடந்து சென்று அத்தொழில் புரிவோரும் உளர். அவர்களுடைய கல்லாப்பெட்டியைத் தொடும் விஷயம் இது. அயல்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் உணவுப் பாத்திரத்தின் மூடியைத் திறக்கக் கூசும் அவர்கள் பிள்ளைகளின் மனத்தைத் தொடும் விஷயமும் இதுவே. ஆதலின் சில உணவுகள் மலிவானவை என்றும் சில உயர்ந்தவை என்றும் எண்ணும் வழக்கம் எங்ஙனம் உண்டாயிற்று என்பதைச் சரித்திர வாயிலாக ஆராய்தல் தகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சீனர் நடத்திய உணவுச்சாலைகளின் வரலாற்றையே இவ்வியாசத்துக்கு முதன்மையாக எடுத்துக்கொண்டோம். அங்கே ஓர் உணவின் மதிப்பு வீழ்ந்த காலமும் காரணமும் சட்டப் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் ஒளிவின்றிப் பதிவாகியிருத்தலே அதற்குக் காரணம்.

முதற்கண், உயர்ந்த உணவு என்பதற்கு மேனாட்டார் வைத்துக்கொண்ட அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். அது பிரான்ஸ் தேசத்து அரண்மனையிலிருந்து வந்தது. பதினான்காம் லூயி மன்னனுடைய சபையின் உடையையும் பேச்சையும் ஐரோப்பாவின் ஏனைய அரசர்கள் பின்பற்றியவாறே, அவன் அடுக்களையையும் பின்பற்றினர். 1789-ஆம் வருஷத்துப் புரட்சிக்கு முன்னரே பாரிஸ் நகரில் தோன்றியிருந்த உணவுச்சாலைகள் அதற்குப் பின்னர் மிகப் பெருகின. 1833-இல் மரித்த காரேம் என்னும் பெரும் சமையற்காரர், தாலிராந் என்ற ராஜதந்திரிக்கும், இங்கிலாந்தின் பட்டத்துக்குரிய இளவரசருக்கும், ராத்சைல்ட் என்னும் செல்வருக்கும் சமைத்தவர். 1890-இல் எஸ்காஃபியே என்பவர் லண்டன் சவாய் ஹோட்டலின் அடுக்களைக்குத் தலைவரானார். 1903-இல் அவர் வெளியிட்ட சமையல் நூல், மேனாட்டு ஹோட்டல்களுக்கெல்லாம் சட்டப் புத்தகம் போலாயிற்று. அரசரும் செல்வரும் உண்டமையால் அவ்வுணவு உயர்ந்தது. உயர்ந்ததாதலின் செல்வராக விரும்புவோர் அனைவரும் அதனை நாடினர். நியூயார்க்கில் 1827-ஆம் வருஷத்தில் சிறு பலகாரக் கடையாகத் தொடங்கி அமெரிக்காவிலேயே தலைசிறந்த உணவுச்சாலையாக வளர்ந்தது டெல்மோனிக்கோ என்பது. அதனை நிறுவிய சகோதரர் இருவரும் ஸ்விட்சர்லாந்தில் இத்தாலிய மொழி வழங்கும் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பெயர் கொண்ட அச்சாலையோ பிரெஞ்சு உணவை, பிரெஞ்சு மொழிப் பட்டியலோடு விற்றுப் புகழ்பெற்றது. எவ்வுணவுக்கு விலை உண்டு என்பதை வணிகர் அறிந்திருந்தனர்.

இனிச் சீனரைப் பற்றிப் பேசுவோம். 1848-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. மறுவருஷமே உலகின் நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் சான்பிரான்சிஸ்கோவில் வந்து குவிந்தனர். சீன தேசத்தின் தெற்கேயுள்ள குவாங்டுங் மாகாணத்திலிருந்து வந்தவர்களிற் சிலர், பொன் தோண்டுவதைக் காட்டிலும் பொன் தோண்டுவோர்க்கு உணவளிப்பது நிச்சயமான வருவாய் என்று கண்டு உணவுச்சாலைகள் திறந்தனர். முக்கோணமான மஞ்சட் பட்டுக்கொடி அவற்றின் அடையாளம். ஒரு டாலருக்கு வயிறார உண்ணலாம். அந்நகரத்துக்கு அக்காலத்தில் வந்த வெள்ளைக்காரப் பிரயாணிகள், ஊரில் நல்ல உணவு கிடைக்கும் இடம் சீனர் சாலையே என்று புகழ்ந்து எழுதியிருக்கின்றனர். இது நேயர்கள் மனத்திற் கொள்ளத்தக்கது. அமெரிக்கருக்குச் சீன உணவின் முதல் அறிமுகம் இகழ்ச்சியோடு தொடங்கவில்லை. விலை குறைவாயிருந்தது உண்மை. ஆயினும் விலைக் குறைவு வேறு, மதிப்புக் குறைவு வேறு. இவ்விரண்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டது பின்னர் நிகழ்ந்தது.

அது நிகழ்ந்தவாறு பின்வருமாறு. 1852-ஆம் வருஷத்தில் கலிபோர்னியா அரசாங்கம் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் மீது மாதம் 3 டாலர் வரி விதித்தது. அதன் பாரம் சீனர்மீதே பெரிதும் விழுந்தது. 1854-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், வெள்ளையனுக்கு எதிராகச் சீனன் சாட்சி சொல்லலாகாது என்று தீர்ப்பளித்தது. பின்னர்க் கண்டத்தின் குறுக்கே இரயில் பாதை அமைக்கும் வேலை வந்தது. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்தும் பனியில் மடிந்தும் பாதை அமைத்தவர்களிற் பெரும்பாலோர் சீனக் கூலிகளே. அவர்கள் தொகை பதினாயிரத்துக்கும் மேற்பட்டது. 1869-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆம் தேதி பாதை முடிந்தது. அவர்கள் வேலையும் அன்றே முடிந்தது. 1873-இல் வியாபார மந்தம் உண்டாகி எங்கும் வேலையின்மை பரவவே, வெள்ளைத் தொழிலாளர் தம் துன்பத்துக்குக் காரணம் சீனனே என்று எண்ணத் தலைப்பட்டனர். எண்ணும்படி தூண்டுவோரும் கிடைத்தனர்.

இவ்விடத்திலேதான் உணவு அரசியலுக்குள் நுழைகின்றது. சீனன் குறைந்த கூலிக்கு உழைப்பதற்குக் காரணம், அவனுக்கு வேறு வழி அடைக்கப்பட்டிருந்தமையே. ஆனால் அவ்வாறு கூறினால் குற்றம் வழியடைத்தோர்மேற் சாரும். ஆகவே காரணம் அவன் வயிற்றிலே தேடப்பட்டது. 1879-இல் பிளெயின் என்ற பிரபல அரசியல்வாதி செனட் சபையிற் பேசுகையில், மாட்டிறைச்சியும் ரொட்டியும் வேண்டும் மனிதனை, அரிசியால் உயிர்வாழக்கூடிய மனிதனோடு அருகருகே வைத்து வேலை வாங்கினால், முன்னவன் பின்னவனுடைய தாழ்ந்த நிலைக்கு இழுக்கப்படுவான் என்ற கருத்தை வற்புறுத்தினார். 1882-இல் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தை மேலும் நீட்டிக்க வேண்டி 1902-இல் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் ஒரு துண்டுநூலை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே இறைச்சியையும் அரிசியையும் போர்க்களத்தில் எதிரெதிரே நிறுத்தி, எது பிழைக்கும் என்று வினா எழுப்பியிருந்தார்கள். அச்சம்மேளனத் தலைவராயிருந்த காம்பர்ஸ், லண்டனிற் பிறந்து இளமையில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அரிசியுண்ணும் தேசத்தாராகிய நமக்கு, அரிசியே மனிதத் தன்மையின் குறைவுக்குச் சான்றாக ஒரு பெரிய தேசத்தின் சட்டசபைக்கு முன் வைக்கப்பட்டது என்பதைப் படிக்கும்போது வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன.

இதனோடு வேறொரு பழியும் வளர்ந்தது. சீனர் எலியையும் பூனையையும் சமைத்து விற்கின்றனர் என்னும் வதந்தி பத்திரிகைகளிலும் பாடப்புத்தகப் படங்களிலும்கூட ஏறிற்று. நியூயார்க்கில் 1883-இல் பத்திரிகை நடத்திய வோங் சின் ஃபூ என்ற சீனர், தம்மவர் எலியோ பூனையோ உண்பதை மெய்ப்பிப்பவர்க்கு 500 டாலர் பரிசளிப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார். அக்காலத்தில் 500 டாலர் சிறிய தொகையன்று. ஓர் இனத்தார் தம் அடுக்களையின் நேர்மைக்குப் பணயம் வைக்க வேண்டிய நிலை எத்தகையது என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்க.

சுரங்கமும் தொழிற்சாலையும் அடைபடவே, சீனருக்கு எஞ்சிய தொழில்கள் இரண்டு: துணி வெளுத்தல், சோறு சமைத்தல். இவை பெண்டிர் வேலை என்று வெள்ளை ஆண்மக்கள் விரும்பாது விட்டவை. ஆதலின் அவற்றிற் போட்டியும் பொறாமையும் குறைவு. ஒரு சமூகம் முழுவதும் ஒன்றிரண்டு தொழில்களுக்குள் நெருக்கித் தள்ளப்படுமாயின் விளைவது யாது? கடைகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகும். பெருகினால் ஒருவனை ஒருவன் விலையிலே வெல்ல முயல்வான். விலையைக் குறைப்பதற்குத் தன் மனைவி மக்களையும், ஊரிலிருந்து வந்த உறவினரையும் கூலியின்றி உழைக்கச் செய்வான். கடையின் மேல்மாடியிலோ பின்கட்டிலோ குடியிருப்பான். இவ்வாறு குடும்பத்தின் உழைப்பை உண்டு நிற்கும் மலிவை, உண்ண வருபவன் உணவின் இயல்பென்று எண்ணிக்கொள்வான். எண்ணிய பின்னர் ஒரு காசு கூட்டினாலும் கொடான். நம் நாட்டிலும் சில தொழில்களின் கதி இவ்வாறே ஆயிற்று என்பதை நாம் அறிவோம்.

1896-ஆம் வருஷத்தில் லீ ஹுங் சாங் என்னும் சீன ராஜதந்திரி நியூயார்க்குக்கு விஜயம் செய்தார். வால்டார்ஃப் ஹோட்டலில் பெரிய விருந்துகள் நடந்தன. அவரோ தம்முடன் வந்த சமையற்காரர் ஆக்கியதையே உண்டார் என்று பத்திரிகைகள் விரித்தெழுதின. அதன்பின் சீன உணவைச் சுவைக்கும் மோகம் நகரத்தாரிடையே பரவியது. 'சாப் சூயி' என்ற உணவே அம்மோகத்தின் சின்னம். காய்கறியும் இறைச்சித் துண்டும் கலந்து வதக்கிய எளிய உணவு அது. கலப்படமான மிச்சங்கள் என்பதே அச்சொல்லின் பொருள். லீயினுடைய சமையற்காரரே அதனைப் படைத்தார் என்று வழங்கும் கதை கட்டுக்கதை. நள்ளிரவிலும் திறந்திருந்தமையாலும், வேறிடங்களில் வரவேற்பில்லாத நீக்ரோவரையும் யூதரையும் ஏழைத் தொழிலாளரையும் உட்கார வைத்து உணவிட்டமையாலும், சாப் சூயிக் கடைகள் செழித்தன. எல்லோரையும் உட்கார வைத்த இடம் என்ற அந்த நற்குணமே, மேன்மக்கள் கண்ணில் அவற்றின் குறையாகவும் முடிந்தது.

1915-இல் ஒரு வழக்கின் முடிவாக, உணவுச்சாலை நடத்துவோரும் வர்த்தகராகக் கருதப்படலாம் என்று நீதிமன்றம் கூறியது. தொழிலாளியைத் தடுத்த சட்டம் வர்த்தகனைத் தடுக்கவில்லை; வர்த்தகன் சீனத்துக்குப் போய்வரலாம், உற்றாரையும் அழைத்து வரலாம். ஆனால் அதிகாரிகள் ஒரு நிபந்தனை வைத்தனர். சாலை உயர்தரமானதாயிருக்க வேண்டும். அவன் அதில் முதலீடு செய்து, குறித்த காலம் நிர்வாகியாக மாத்திரம் இருக்க வேண்டும். பாத்திரம் துலக்குதல், பரிமாறுதல் போன்ற வேலையைத் தொடலாகாது. இதற்குச் சீனர் கண்ட உபாயம் மிகவும் சாதுரியமானது. ஒரே ஊரையும் ஒரே குடும்பப் பெயரையும் உடையோர் பலர் கூடிச் சிறுசிறு பங்குகளாக முதல் திரட்டி, அலங்காரமான பெரிய சாலை ஒன்றைத் திறப்பர். பங்காளிகள் முறை வைத்துக்கொண்டு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு ஒருவராக நிர்வாகிப் பதவியில் அமர்வர். ஒருவன் தன் முறை முடித்து வர்த்தகன் என்ற பத்திரம் பெற்றதும் அடுத்தவன் அமர்வான். சீட்டுக் கட்டியும் பங்கு சேர்ந்தும் முதல் திரட்டி வளர்ந்த வணிகக் குலங்களைக் கண்ட நமக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. 1910-க்கும் 1920-க்கும் இடையில் நியூயார்க் நகரத்துச் சீன உணவுச்சாலைகளின் தொகை நான்கு மடங்காயிற்று என்று இதனை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். பளிங்கும் சித்திர விளக்குமாக அவை விளங்கின. அத்தனையும் இருந்தும் அவ்வுணவு உயர்ந்த உணவென்று பெயர் பெறவில்லை. மேசையும் விளக்கும் மாறினால் மதிப்பு மாறும் என்போர்க்கு இது தக்க விடை.

தடைச் சட்டம் 1943-இல், சீனா யுத்தத்தில் நேசநாடாக இருந்த காரணத்தால், நீக்கப்பட்டது. அப்போதும் ஆண்டொன்றுக்கு 105 பேருக்கே அனுமதி. 1965-ஆம் வருஷத்துச் சட்டமே வாயிலை உண்மையாகத் திறந்தது. இதற்கிடையில் 1961-இல் செசிலியா சியாங் என்ற மாது சான்பிரான்சிஸ்கோவில் 'மாண்டரின்' என்னும் சாலையைத் தொடங்கினார். செல்வக் குடும்பத்திற் பிறந்து பீகிங் நகரில் வளர்ந்த அவர், சாப் சூயியை விலக்கி, வடசீனத்து உணவுகளையும் செஸ்வான் உணவுகளையும் பரிமாறினார். 2020-இல் தமது நூறாம் வயதில் காலமாகும்வரை, சீனச் சமையலின் மதிப்பை அந்நாட்டில் உயர்த்தியவர் என்று போற்றப்பட்டார். எனினும் தனியொருவர் முயற்சி எவ்வளவு தூரம் செல்லும்?

1968-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், பெயர்பெற்ற ஒரு வைத்தியப் பத்திரிகையில் குவோக் என்ற சீன வைத்தியர் எழுதிய கடிதம் வெளிவந்தது. சீன உணவுச்சாலையில் உண்டபின் தமக்குப் பிடரியில் மரத்துப்போதலும் படபடப்பும் உண்டாவதாகவும், சோயாச் சாறோ, சமையலில் ஊற்றும் மதுவோ, உப்போ, மோனோசோடியம் குளூட்டமேட் என்னும் சுவையுப்போ காரணமாயிருக்கலாம் என்றும் அவர் ஐயமாகவே எழுதினார். அப்பத்திரிகை அதற்குச் 'சீன உணவுச்சாலை நோய்க்குறி' என்று தலைப்பிட்டது. ஐயம் மறைந்தது, தலைப்பு நிலைத்தது. அவ்வுப்பை 1908-இல் கண்டறிந்தவர் இக்கேதா என்ற ஜப்பானிய ரசாயன ஆசிரியர். அமெரிக்கரே தகரத்தில் அடைத்து விற்ற சூப்புகளில் அது தாராளமாக இருந்தது. தக்காளியிலும் பழுத்த பாலாடைக்கட்டியிலும் அதன் சத்து இயற்கையாகவே உள்ளது. சாதாரண அளவில் உண்பதால் அக்கேடுகள் விளைகின்றன என்பது பிற்காலப் பரிசோதனைகளில் நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் மலிந்த இத்தாலிய உணவை உண்டு ஒருவருக்கும் பிடரி மரத்ததாகக் கடிதம் வரவில்லை. 'எங்கள் உணவில் அவ்வுப்பு இல்லை' என்று சீனர் கடை வாயிலில் பலகை மாட்டிப் பல்லாண்டு பிழைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் பெரிய அகராதி ஒன்று அச்சொற்றொடரின் விளக்கத்தைத் திருத்தியது 2020-இலேதான்.

இத்தாலியர் உணவு என்றும் உயர்ந்தே இருந்ததோ எனின், இல்லை. 1880-க்கும் 1920-க்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர் அமெரிக்காவுக்கு வந்தனர். பெரும்பாலோர் தென்னித்தாலியிலும் சிசிலியிலும் இருந்து வந்த ஏழைக் குடியானவர். 1891-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இத்தாலியர் பதினொருவர் கும்பலாற் கொல்லப்பட்டனர். அவர்கள் வீடுகளுக்குச் சென்ற சமூக ஊழியர்கள், பூண்டு நாற்றத்தையும் மாவிழை உணவையும் கண்டித்து, பாலும் வேகவைத்த இறைச்சியும் உண்ணுமாறு புத்தி கூறினர். 1924-இல் புதிய சட்டத்தால் இத்தாலியர் வருகை ஏறக்குறைய நின்றது. வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கல்வியும் செல்வமும் பெற்று, வெள்ளையருள் வெள்ளையராகக் கலந்தனர். அதற்குப் பின்னரே, 1970-களிலும் 80-களிலும், அவர்கள் பாட்டிமார் சமைத்த உணவு பெருவிலை பெற்றது. பூண்டு மாறவில்லை.

ஜப்பானியர் கதை இன்னும் விரைவானது. சூஷி என்பது எதோ நகரத் தெருக்களில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தள்ளுகடையருகே நின்றபடி கூலியாட்கள் விழுங்கிச் சென்ற உணவு. பச்சை மீன் என்று அமெரிக்கர் முகம் சுளித்தனர். 1942-இல் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வமிசத்தாரை அமெரிக்க அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. அத்தகைய தேசத்தில், ஒரு தலைமுறைக்குப்பின், ஜப்பானிய மோட்டாரும் மின்பொறியும் ஜப்பானிய முதலாளிகளும் வந்திறங்கியபோது, பச்சை மீன் நாகரிகத்தின் அடையாளமாயிற்று. 1926 முதல் உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரம் வழங்கி வரும் பிரெஞ்சுக்காரருடைய மிஷெலின் வழிகாட்டி, 2007-இல் தோக்கியோ நகரத்துக்கு முதன்முறையாகத் தனி நூல் வெளியிட்டபோது 191 நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்தது. பாரிஸுக்கும் அத்தனை இல்லை.

நியூயார்க் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருக்கும் கிருஷ்ணேந்து ரே என்னும் இந்தியர், பழைய பத்திரிகைகளையும் உணவுச்சாலை விலைப் பட்டியல்களையும் ஒப்பு நோக்கி 2016-இல் ஒரு நூல் எழுதினார். ஒரு தேசத்திலிருந்து ஏழைகள் திரளாக வந்து குடியேறுங்கால் அத்தேசத்து உணவின் மதிப்பு தாழ்கின்றது. அத்தேசத்தின் பொருள்வலி வளர்ந்து, குடியேறியோரும் உயர்நிலை அடையுங்கால் உயர்கின்றது என்பது அவர் கண்ட முடிவின் சாரம். மேற்கூறிய வரலாறுகள் அனைத்தும் இம்முடிவுக்கு இணங்குவனவே. சமைப்போருடைய சமூக நிலையே தட்டின் விலையாக எழுதப்படுகின்றது என்பது எமது துணிபு.

நம் தேசத்து உணவு லண்டனில் அடைந்த கதியும் இதனை மெய்ப்பிக்கும். 1810-இல் தீன் முகம்மது என்பவர் அந்நகரில் திறந்த இந்துஸ்தானிச் சாலை, 1812-இலேயே அவரைக் கடனாளியாக்கிவிட்டது. 1926-இல் எட்வர்ட் பால்மர் என்பார் ரீஜெண்ட் தெருவில் 'வீராசாமி' என்ற நம் தென்னாட்டுப் பெயரோடு தொடங்கிய சாலையோ, இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய துரைமக்களும் பிரபுக்களும் வந்து உண்ட இடமாய்ப் புகழ்பெற்றது. அப்போது இந்திய உணவு அங்கே மலிவானதன்று. யுத்தத்துக்குப் பின்னர், கப்பல்களின் கொதிகலன் அறைகளில் கரி வாரிப்போட்ட சில்ஹெட் ஜில்லா முஸ்லிம்கள் கரையேறி, சிதைந்த சிறு காபிக்கடைகளை வாங்கி, ஊரெங்கும் 'கறி' விற்கலாயினர். மதுக்கடை மூடியபின் வந்த குடிகாரரின் வசையையும் பொறுத்து அவர்கள் உழைத்தனர். நம் தமிழ்ச்சொல்லாகிய கறி, அந்நாட்டில் மலிவான இரவு உணவுக்கு மறுபெயராயிற்று. லண்டனில் இந்திய உணவுச்சாலைகள் இரண்டு மிஷெலின் நட்சத்திரம் பெற்றதற்கு 2001-ஆம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நிற்க. அயலாரை மாத்திரம் குறைகூறி நாம் தப்ப முடியாது. கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும் சோளச்சோறும் இன்னார் உணவு, நெல்லுச்சோறு இன்னார் உணவு என்று பிரித்து வைத்தவர் வெள்ளைக்காரர் அல்லர். தென்னிந்திய இரயில் நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணருக்கும் மற்றையோருக்கும் தனித்தனி இடம் வகுத்திருந்த வழக்கம் 1941-இல்தான் நீங்கியது. அங்கே இரு பக்கத்துக்கும் ஓரடுப்பிலேயே சமைத்திருந்தாலும் உட்காரும் இடம் வேறாயிருந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷமாக அறிவித்தபின், பட்டணத்து ஹோட்டல்களில் கேழ்வரகும் தினையும் அரிசியைக் காட்டிலும் அதிக விலைக்கு அமர்ந்திருக்கின்றன. ஆயின் அவற்றைத் தலைமுறை தலைமுறையாய் உண்டு வந்தவர்க்கு அவ்விலையில் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. விலை ஏறுவதும் உரியவர் ஏறுவதும் எப்போதும் சேர்ந்தே நிகழ்வன அல்ல. சிங்கப்பூரில் 2016-இல் ஒரு தெருக்கடைக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. சோயாச் சாற்றிற் சமைத்த கோழியும் சோறும் அங்கே ஏறக்குறைய இரண்டு சிங்கப்பூர் டாலருக்கு விற்றன. உலகத்தார் வரிசையில் நின்று உண்டனர். பட்டியலோ தெருக்கடைப் பட்டியலாகவே இருந்தது. 2021-இல் நட்சத்திரமும் போயிற்று.

தமிழ்நாட்டு உணவுக்கும் அண்மையில் ஒரு காலம் வந்திருக்கின்றது. நியூயார்க்கில் 2021-இல் திறந்த 'செம்ம' என்னும் சாலையின் அடுக்களைத் தலைவர் விஜயகுமார், திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பகுதியில் பிறந்தவர். அச்சாலை 2022-இல் மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. 2025-ஆம் வருஷம் ஜூன் மாதம், அந்நாட்டுச் சமையற்காரர்க்குப் பெரும் கௌரவமாகிய ஜேம்ஸ் பியர்ட் பரிசைப் பெற அவர் வேட்டியுடன் மேடையேறி, ஏழை உணவு பணக்கார உணவு என்ற பிரிவே இல்லை என்று பேசினார். சிறு பிராயத்தில் வயலில் நத்தை பொறுக்கி வந்து வீட்டிற் சமைத்து உண்டதை வெளியிற் சொல்ல அவர் வெட்கப்பட்டதுண்டு. பின்னர்ச் சமையற் கல்லூரியிற் சேர்ந்தபோது, அதே நத்தையைப் பிரெஞ்சுக்காரர் எஸ்கார்கோ என்று போற்றி விலையுயர்ந்த விருந்தாக உண்பதை அறிந்து திகைத்தார் என்று அவரே கூறியிருக்கின்றார். தம் சாலையில் அந்நத்தையைக் கிராமத்து முறையிலேயே சமைத்து வைத்தார். உணவுப் பட்டியலில் அதற்கு எஸ்கார்கோ என்று பெயரிடாமல், 'நத்தைப் பிரட்டல்' என்றே அச்சிட்டார்கள்.